சுமக்க ஆள் கொடுத்த கடவுள்

பொதுக்காலம் 18-ஆம் வாரம், திங்கள். பனிமய மாதா திருநாளுக்கு முந்தின நாள்
வாசகங்கள்: எண்ணிக்கை 11:4-15, மத்தேயு 14:13-21



மோசே தனக்குச் சாவு கேட்ட நாளைப் பற்றித்தான் இன்றைய முதல் வாசகம் சொல்கிறது. பார்வோன் முன்னால் நின்றபோது அவர் அப்படிக் கேட்கவில்லை. முன்னால் கடலும் பின்னால் படையுமாக மாட்டிக்கொண்டபோதும் கேட்கவில்லை. இன்று கேட்கிறார். காரணம் அழுகை. ஒவ்வொரு கூடார வாசலிலும் சனம் உட்கார்ந்து அழுகிறது. சாப்பாடு இறங்கவில்லை என்று அழுகிறது, எகிப்தில் தின்ற மீனை நினைத்து அழுகிறது. மோசே கடவுளிடம் போய், இந்தச் சனத்தை நானா கருத்தரித்தேன், நானா பெற்றேன், பால்குடிப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறவளைப் போல இவர்களை மார்பில் சுமக்கச் சொல்கிறீரே, தனி ஆளாய் என்னால் முடியாது, இதற்கு என்னைக் கொன்றுவிடும் என்கிறார்.

எவ்வளவு பெரிய மனிதர்! ஒரு தேசத்தையே நடத்தி வந்தவர். தன் களைப்பை எடுத்துச் சொல்ல அவருக்குக் கிடைத்தது கைக்குழந்தையைச் சுமக்கிறவளின் களைப்புதான். அதற்கு மேல் ஒரு களைப்பு உலகத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். ஒவ்வோர் ஆண்டும் நம்முடைய பனிமய மாதா நவநாளோடு சேர்ந்தே வருகிறது. அதனால் இன்று ஒரு வகை வீட்டாருக்காகப் பேச விரும்புகிறேன். பால் குடித்தால் கக்குகிற பிள்ளை, எதுக்களித்து எதுக்களித்து அழுகிற பிள்ளை, நெஞ்சு எரிகிறது என்று சொல்லக்கூடத் தெரியாத பிள்ளை இருக்கிற வீட்டாருக்காக.

வீடு சந்திக்கப் போகும்போது அந்த வீடுகள் எனக்குத் தெரிந்துவிடும். கொடி நிறைய சின்னத் துணிகளும் தேங்காய்ப்பூத் துண்டுகளும் காயும். உள்ளே புளித்த பால் வாசம். அந்தப் பெண் நம்மைக் கண்டதும் அவசரமாகத் தோள் துண்டைச் சரிசெய்வாள். தன் நைட்டியில், தலைமுடியில் அந்த வாசம் இருப்பது அவளுக்குத் தெரியும், அதனால் கூசுவாள். பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்தால் அவள் உட்கார முடியாது. நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரமாய் நடக்க வேண்டும். முதுகைத் தட்டித் தட்டி ஏப்பம் வரும், ஏப்பத்தோடு குடித்த பாலும் வரும். பிள்ளை உடம்பை வில்லாய் வளைத்து வீறிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பசி, மறுபடி பால், மறுபடி நடை. இரவு இரண்டு மணிக்கும் இதுதான். அடுத்த அறையில் புருஷன் புரண்டு படுப்பான். விடிவதற்கு முன் அவன் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்க வேண்டும், அல்லது துறைமுகத்தில் காலை ஷிப்டுக்குப் போக வேண்டும்.

அவளுக்கு முதலில் சொல்ல வேண்டியது: மகளே, நீ ஒன்றும் தப்பாகச் செய்துவிடவில்லை.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் வளையமாய் ஒரு தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். பச்சைப் பிள்ளைக்கு அந்தத் தசை இன்னும் பழகவில்லை; வேண்டாத நேரத்திலும் தளர்ந்துவிடும். பிள்ளை குடிப்பது முழுக்கத் தண்ணியான பால், நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறது, வயிறோ சின்னது. பால் மேலே வருகிறது, அதோடு வயிற்று அமிலமும் வருகிறது. நாலு மாதம் ஆகும்போது மூன்றில் இரண்டு பிள்ளைகள் தினமும் ஒரு தடவையாவது கக்கும் என்று குழந்தை மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளை உட்காரப் பழகி, கெட்டியான சாப்பாட்டுக்கு வரும்போது இது குறையும். ஒரு வயதை எட்டும்போது இருபதில் ஒரு பிள்ளைக்கு இருந்தால் அதிகம். கக்கின பிள்ளை தக்கும் என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்களே, அது கண்ணால் பார்த்துப் பார்த்துச் சொன்னது. கக்கிவிட்டுச் சிரிக்கிற பிள்ளை, எடை ஏறுகிற பிள்ளை, மூத்திரம் ஒழுங்காகப் போகிற பிள்ளைக்கு மருந்தே தேவையில்லை. பொறுமைதான் தேவை, அந்தப் பொறுமையை ஒருத்தி மட்டும் வைத்திருக்க முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் பாட்டி சொல் போதாது. சில பிள்ளைகளுக்கு அந்த அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பால் என்றாலே முகத்தைத் திருப்பும், இரண்டு வாய் குடித்துவிட்டு அலறும், எடை நின்றுவிடும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை போட்டுத் தாய் சேய் நல அட்டையில் குறித்துத் தருகிறார்களே, அந்த அட்டையை பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். பிறந்தபோது இருந்த எடை ஐந்து மாதத்தில் இரட்டிப்பாக வேண்டும், ஒரு வயதில் மும்மடங்காக வேண்டும். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். சில பிள்ளைகளுக்குப் பசும்பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளாமல் இப்படி வரும். அப்போது தாய் தன் சாப்பாட்டில் பசும்பாலையும் பால் சேர்ந்த பண்டங்களையும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்க்கும்படி டாக்டர் சொல்லலாம். அவர் சொன்னால் செய்யுங்கள். தாய்ப்பாலையே நிறுத்திவிட்டுப் புட்டிக்குப் போக வேண்டியதில்லை.

இன்னும் சிலவற்றுக்கு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. வாந்தி பச்சை நிறமாக வந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். இரத்தம் கலந்தோ காப்பித்தூள் நிறத்திலோ வந்தாலும் காத்திருக்கக் கூடாது. பிறந்து சில வாரங்களே ஆன பிள்ளை ஒவ்வொரு பாலுக்கும் பீச்சியடித்ததுபோல் வாந்தி எடுத்தால், மூச்சு நின்று நின்று வந்தால், உடல் நீலம் பாரித்தால், உச்சிக்குழி புடைத்தால், காய்ச்சலோடு துவண்டு கிடந்தால் 108-க்குப் போன் போடுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இராத்திரியும் குழந்தை டாக்டர் இருப்பார். திருப்பலி நேரம் என்றாலும் எழுந்து போங்கள். நற்கருணை ஆண்டவர் உங்களைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வருவார்.

இனிச் சொல்வதைப் பெரியவர்கள் மனத்தாங்கல் இல்லாமல் கேட்க வேண்டும். பிள்ளை கக்கினால் உரம் விழுந்துவிட்டது என்று சேலையில் போட்டு உருட்டுகிறார்கள். குடல் ஏறிவிட்டது என்று தலைகீழாய்ப் பிடித்துத் தட்டுகிறார்கள். தொக்கம் எடுக்கிறவரிடம் கொண்டுபோய் வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சுகிறார்கள். வசம்பைச் சுட்டு உரைத்துப் புகட்டுகிறார்கள். படுக்கப் போட்டுச் சங்கில் பாலை ஊற்றுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் கழுத்து நிற்காத பிள்ளையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வயிற்றுக்குள் பால் நிற்காத பிள்ளைக்கு மேலும் மேலும் புகட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும்.

நம்முடைய பக்தியையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். உவரி அந்தோனியார் கோவில் எண்ணெயைப் பிள்ளையின் நெற்றியில் பூசுங்கள், நெஞ்சில் சிலுவை அடையாளம் வரையுங்கள். வாயில் ஒரு சொட்டும் விடாதீர்கள். கக்குகிற பிள்ளையின் நுரையீரலுக்குள் எண்ணெய் இறங்கினால் அது எளிதில் வெளியே வராது, நிமோனியாவாக முடியும். மந்திரித்த தண்ணீரும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள்; மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்கிறது, நோயில் செபிக்கச் சொல்கிறது, செபித்த கையோடு மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதின கடிதத்தில் சபை நிர்வாகத்துக்கு நடுவே அவருடைய வயிற்றைப் பற்றி விசாரித்து, என்ன குடிக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். ஒருவருடைய வயிற்றுக் கோளாறு திருமறைக்குள் வருவதற்குத் தகுதியில்லாத விஷயமாகத் தூய ஆவிக்குப் படவில்லை.

வீட்டில் செய்யக்கூடியது எளிமையானது. ஒரே மூச்சில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். நடுவிலும் முடிவிலும் ஏப்பம் விடச் செய்யுங்கள். பால் குடித்தபின் இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடியுங்கள். குடித்த உடனே தூளியில் போட்டால் உடம்பு மடங்கி வயிறு நசுங்கும், பால் மேலே வரும். தூங்க வைக்கும்போது மல்லாக்கப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் போட்டால் கக்கினது தொண்டையில் அடைக்குமே என்று பயப்படுகிறார்கள். மல்லாந்து கிடக்கிற பிள்ளைக்கு மூச்சுக்குழாய் மேல்புறமும் உணவுக்குழாய் கீழ்ப்புறமும் இருக்கும். கக்கின பால் மேட்டில் ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் போட்டால்தான் ஆபத்து. வீட்டுக்குள் பீடி, சிகரெட் கூடவே கூடாது. அமிலத்துக்கான மருந்தை நீங்களாக மெடிக்கலில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து அமிலத்தின் எரிவைத்தான் குறைக்கும், கக்குவதை நிறுத்தாது, யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாயில் புளிப்பாய் வருகிறது, நெஞ்சு கரிக்கிறது என்றால் அதைச் சாக்கு என்று அடிக்காதீர்கள். இராத்திரி பத்து மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்துப் படுக்கப் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

இப்போது மோசேயிடம் திரும்பி வருவோம். இன்றைய வாசகம் 15-ஆம் வசனத்தோடு நிற்கிறது. என்னைக் கொன்றுவிடும் என்று மோசே சொன்னதோடு வாசகர் புத்தகத்தை மூடிவிட்டார். வீட்டுக்குப் போய் 16-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. மற்றத் தலைவர்கள் எல்லாம் சமாளிக்கவில்லையா என்று கேட்கவில்லை. சனத்தின் மூப்பர்களில் எழுபது பேரைக் கூட்டிக்கொண்டு வா, உன்மேல் இருக்கிற ஆவியில் எடுத்து அவர்கள்மேலும் வைப்பேன், நீ தனியாகச் சுமக்காதபடி அவர்களும் உன்னோடு சுமப்பார்கள் என்கிறார். சனம் அழுவதை அந்த நிமிடமே நிறுத்திவிடவில்லை கடவுள். மோசேக்கு ஆள் கொடுத்தார்.

கக்குகிற பிள்ளையின் தாய்க்கும் கடவுளின் பதில் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளையின் தசை முதிர மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் கடவுள் அவளுக்கு அனுப்புகிற எழுபது பேர் இந்தக் கோவிலுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நீ என்னத்தைத் தின்ன, உன் பால் பிள்ளைக்குச் சேரவில்லை, நாவூறு பட்டிருக்கும், எங்கள் பிள்ளைகள் எதுவும் இப்படிக் கக்கவில்லை. நாள் முழுக்கச் சுமந்தவளுக்கு இராத்திரி இந்தப் பேச்சு. திருநாள் கொடி ஏறுகிற ஜூலை 26, சுவக்கீன் அன்னம்மாள் திருநாளும்கூட. இயேசுவுக்கும் ஒரு பாட்டி இருந்தார். மாமியார்மாரே, பாட்டிமாரே, அன்னம்மாளைப் பார்த்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மருமகளைப் பார்த்து, பிள்ளையை என்கிட்ட கொடுத்துட்டு நீ ரெண்டு மணி நேரம் தூங்கு தாயி என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையின் பலன் உண்டு என்று பங்குச்சாமியாகச் சொல்கிறேன்.

ஆண்களுக்கு. நம் கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று, சங்குகுளி இன்னும் இருக்கிறது. அந்த நாளில் கடலுக்குள் இறங்குகிறவனுடைய கயிற்றைப் படகில் நின்று பிடிக்கிறவன் அவனுடைய மச்சானாக இருப்பான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தன் தங்கச்சி தாலியில் அவனுக்கு அக்கறை இருக்கும் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். ஏன் அசைத்தாய், இப்போதுதானே இறங்கினாய், உன் அப்பன் இதைவிட நேரம் மூச்சுப் பிடித்தானே என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஆள் செத்துப்போவான். உன் மனைவி கயிற்றை அசைக்கிறாள். அவள் சாப்பிடாமல் கிடப்பது, சின்னச் சொல்லுக்கு அழுவது, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்பது, செத்துப்போகலாம்போல இருக்கிறது என்று மோசே சொன்னதையே சொல்வது, எல்லாம் அதுதான். கேள்வி கேட்காமல் பிள்ளையை வாங்கு. டாக்டரிடம் அவளையும் காட்டு. மனம் உடைந்து கிடக்கிறவர்கள் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

தாய்மாரே, உங்களுக்கும் ஒன்று. பிள்ளை ஓயாமல் அலறும்போது கோபம் தலைக்கேறுவது பாவமில்லை. கை நடுங்குகிறது என்று தெரிந்தால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டுக் கதவுக்கு வெளியே வந்து நில்லுங்கள். பத்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு தடவை வேகமாகக் குலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

இந்தக் கடற்கரைக்கு 1542-இல் வந்த சவேரியார் 1544-இல் கொச்சியிலிருந்து எழுதின கடிதத்தில், ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துத் தம் கை ஓய்ந்துபோனதை மறைக்காமல் எழுதுகிறார். நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தபோது அவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. என்ன செய்தார்? செபம் படித்திருந்த நம் ஊர்ச் சிறுவர்களை அனுப்பினார். நம் முன்னோர்களின் பிள்ளைகள்தான் வீடு வீடாகப் போய் நோயாளி பக்கத்தில் நின்று விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். புனிதருக்கும் ஆள் தேவைப்பட்டது. அவருக்குப் பின் வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார், 1578-இல் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலை அச்சில் கொண்டுவந்தவர், புன்னைக்காயலில் நோயாளிகளுக்கென்று மருத்துவமனை நடத்தினார். செபமும் வைத்தியமும் இந்தக் கரையில் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் வளர்ந்தன.

நற்செய்தியில் ஐயாயிரம் ஆண்கள் சாப்பிட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். அவர்களில் பால் கக்கின தோளோடு புல்தரையில் உட்கார்ந்திருந்தவர்களும் இருந்திருப்பார்கள். கணக்கில் வராதவர்கள், ஆனால் பசியாறினவர்கள். சீடர்கள் கூட்டத்தை அனுப்பிவிடச் சொன்னார்கள். அனுப்ப வேண்டியதில்லை, நீங்களே கொடுங்கள் என்றார் இயேசு.

நாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். பூசையில் ஒரு பிள்ளை கக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் சேலையை இழுத்துக்கொண்டு நகருகிறார்கள். பிள்ளை அழுதால் முன்வரிசையிலிருந்து தலை திரும்புகிறது. அந்தத் தாய் எழுந்து வெளியே போகிறாள், அடுத்த ஞாயிறு வருவதில்லை, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வருவதில்லை. 2017 ஜனவரியில் சிஸ்டைன் ஆலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்தபோது பிரான்சிஸ் திருத்தந்தை, பிள்ளை பசித்து அழுதால் தயங்காமல் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். சிஸ்டைனில் செய்யலாம் என்றால் நம் கோவிலில் செய்யலாம். நாளைக்குப் பேராலயத்தில் நாம் கும்பிடப் போகிற தாயும் பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டுதானே நிற்கிறாள்.

ஆகவே வரும் ஞாயிறு முதல் பக்கவாட்டு வாசலை ஒட்டின இரண்டு வரிசை கைக்குழந்தைக்காரர்களுக்கு. அங்கே மின்விசிறி ஓடும், துடைக்கத் துணி இருக்கும், தேவைப்பட்டால் எழுந்து நடக்க இடமும் இருக்கும். பலிபீடத்து ஒலிபெருக்கி தாழ்வாரத்திலும் கேட்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன். அன்பியத் தலைவர்கள் தங்கள் அன்பியத்தில் கக்குகிற பிள்ளை, உடம்பு தேறாத பிள்ளை உள்ள வீடு எது என்று இந்த வாரத்துக்குள் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த வீட்டுக்கு மதியச் சாப்பாடு யார் கொடுப்பது, பிள்ளையை மாலையில் இரண்டு மணி நேரம் யார் தோளில் போட்டு நடப்பது, எடை போட அங்கன்வாடிக்கு யார் கூடப் போவது என்று கூட்டத்தில் பேசி முடியுங்கள். மரியாயின் சேனைச் சகோதரிகளும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் சேர்ந்துகொள்ளுங்கள். கோவிலுக்கு வராத வீடு என்று ஒதுக்காதீர்கள். மோசேயின் அந்த மூப்பர்களில் எல்தாதும் மேதாதும் கூடாரத்துக்கு வராமல் பாளையத்திலேயே இருந்தார்கள், ஆவி அங்கேயும் போய் இறங்கியது. பெயர் கொடுக்கிறவர்கள் பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுங்கள். ஆண்களும் கொடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள்தானே.